சனிக்கிழமைக் காதல்

கண்டதும் காதல் என்னும் விஷயத்தில் நம் கவிகளுக்குச் சந்தேகமே கிடையாது. மிதிலை வீதியில் இராமபிரான் நடந்து வருகிறார். கன்னிமாடத்தில் ஸீதாபிராட்டி நிற்கிறாள். இருவரும் ஒரு கணம் பார்த்துக் கொள்கிறார்கள். கம்பருக்கு அது போதும். வில்லை முறிப்பதெல்லாம் ஜனகருடைய திருப்திக்காகப் பின்னால் நடக்கும் காரியம். ஆனால் குடும்பஸ்தர்களாகிய நாம் அவ்வளவு சுலபத்தில் ஒப்புக் கொள்ள மாட்டோம். "பார்த்தவுடனே பரவசம் சரிதான், நாலு நாள் போகட்டும், பார்க்கலாம்!" என்று தலையை ஆட்டுவோம்.

ஸினிமாப் படங்களின் பேரில் ஏற்படும் காதலிலும் இந்த இரண்டு கட்சி உண்டு. கொட்டகையை விட்டு வெளியே வரும்போது, "இதைப் போல் இன்னொரு படம் உண்டா?" என்று கண்ணைத் துடைத்துக் கொள்கிறவர், மறுவாரம் அந்தப் படத்தின் பெயரையே மறந்து போவதைப் பார்த்திருக்கிறோம். வேறு சில படங்களோ, முதல் தடவை பார்க்கும் போதே மனத்தில் ஒரு மூலையைப் பிடித்துக் கொண்டு, பிறகு காலி செய்யமாட்டேன் என்று உட்கார்ந்து விடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு படத்தைப் பற்றி இந்த வாரம் எழுத உத்தேசம்.

படம் அமெரிக்க தேசத்தைச் சேர்ந்தது. 1985-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 15-ந் தேதி அங்கே வெளியாயிற்று. பெயர் 'தி பிரேக்பாஸ்ட் கிளப்'. தமிழில் 'காலைப் பலகாரச் சங்கம்' என்று சொல்லலாம். பெயரைக் கேட்டு இட்டிலியையும் தோசையையும் நினைத்துக் கொள்ள வேண்டாம். படத்தில் ஒருவரும் காலைப் பலகாரம் சாப்பிடுவதில்லை. தவறு செய்த மாணாக்கர்களைப் பள்ளிக்கூடம் இல்லாத வேளையில் வரவழைத்து, சும்மா உட்கார்த்தி வைக்கும் தண்டனை ஒன்று அந்நாட்டில் உண்டு. விடுமுறை நாளில் அப்படி விடியற்காலையில் வந்து சேர்ந்தவர்கள், தங்கள் கூட்டத்துக்குப் பரிகாசமாகச் சூட்டிக் கொள்ளும் பெயர் இது.

"40 வருஷத்துக்கு முந்திய படத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு?" என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு படத்தை எந்தத் தினத்தில் முதன் முதலாகப் பார்க்கிறோமோ, அந்தத் தினத்தில்தான் அது நமக்கு வெளியாகிறது என்பது என்னுடைய சித்தாந்தம். எனக்கு அந்தப் படம் சென்ற கோடை விடுமுறையில், என் தங்கையின் வீட்டுக் கூடத்தில் வெளியாயிற்று. 16 வயதான அவளுடைய பெண் பிடிவாதம் பிடித்து எங்களை உட்கார்த்தி வைத்தாள். "மாமா! எத்தனையோ படங்களைப் பற்றி எழுதுகிறீர்களே, இதைப் பார்க்காமல் எழுதுவது நியாயமா?" என்றாள். நியாயமில்லை என்று நானும் ஒப்புக் கொண்டேன்.

அமெரிக்கப் பள்ளிக்கூடப் படம் என்றதும், மோட்டார்ப் பந்தயம், நடன விருந்து, பந்தாட்டத்தில் கடைசி நிமிஷத்து வெற்றி ஆகியவற்றை எதிர்பார்த்தேன். ஆகையால், பாதியில் தூங்குவதற்குச் சௌகரியமான சாய்வு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். அந்த நாற்காலியினால் எனக்கு யாதொரு பிரயோஜனமும் ஏற்படவில்லை.

கதை மிகவும் சுருக்கம். இல்லினாய் மாகாணத்தில் ஷெர்மர் என்று ஒரு கற்பனை ஊர். 1984-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி, சனிக்கிழமை காலை 7 மணி. பள்ளிக்கூடத்து நூல் நிலையத்தில் ஐந்து மாணாக்கர்கள் வந்து உட்காருகிறார்கள். சாயங்காலம் வரையில் அவர்கள் எழுந்திருக்கவும் கூடாது, பேசவும் கூடாது, தூங்கவும் கூடாது. உதவித் தலைமை ஆசிரியரான வெர்னன் துரை ஒரு வேலை மட்டும் கொடுக்கிறார். "நான் யார் என்று நினைத்துக் கொண்டிருக்கிறேன்?" என்பதைப் பற்றி ஒவ்வொருவரும் 1,000 வார்த்தைக்குக் குறையாமல் வியாசம் எழுதித் தரவேண்டும். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி தம்மைத் தேடி வந்தவர்களை விசாரிக்கச் சொன்ன கேள்வி ஏறக்குறைய இதுதான். மகரிஷி வார்த்தைக் கணக்கு வைக்கவில்லை. வெர்னன் துரை வைத்தார். வித்தியாசம் அவ்வளவே.

ஐந்து பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். ஆயினும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகாதவர்கள். பள்ளிக்கூடம் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் சூட்டி வைத்திருக்கிறது. பிரையன் புத்திசாலி. ஆண்ட்ரூ மல்யுத்த வீரன். கிளேர் ராஜகுமாரி. பெண்டர் போக்கிரி. அல்லிஸன் பைத்தியம். இந்தப் பட்டங்களைப் பெறுவதற்குப் பரீட்சை ஒன்றும் கிடையாது. ஒரு தடவை கிடைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் வழி கிடையாது.

அவர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கும் முதற் சில நிமிஷங்களிலேயே டைரக்டர் ஜான் ஹியூஸ் ஐந்து குடும்பங்களையும் நமக்குக் காட்டி விடுகிறார். கிளேரை அவளுடைய தகப்பனார் விலையுயர்ந்த வண்டியில் கொண்டுவந்து, சமாதானம் சொல்லி இறக்கிவிடுகிறார். பிரையனுடைய தாயார், இந்தத் தண்டனை வேளையிலும் படிப்பதற்கு ஏதாவது வழி கண்டுபிடி என்று பிள்ளையை விரட்டுகிறாள். ஆண்ட்ரூவின் தகப்பனாருக்குப் பையன் செய்த காரியத்தைப் பற்றிக் கவலையில்லை. அதனால் பந்தயத்தில் இடம் போய்விடப் போகிறதே என்பதுதான் கவலை. பெண்டரை ஒருவரும் கொண்டுவந்து விடவில்லை, நடந்தே வருகிறான். அல்லிஸன் வண்டியிலிருந்து இறங்கி, பெற்றோரிடம் ஏதோ சொல்லப் போகிறவள் போல ஜன்னலருகில் குனிகிறாள். அதற்குள் வண்டி புறப்பட்டுப் போய்விடுகிறது. இதற்கெல்லாம் சேர்த்துப் படத்தில் செலவாகும் வார்த்தைகள் வெகு சொற்பம்.

இதே வித்தையை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மறுபடியும் செய்கிறார்கள். கிளேர், ஜப்பானியர் உண்ணும் பச்சை மீனும் சோறும் கலந்த ஸுஷி என்னும் பண்டத்தை அழகிய பெட்டியிலிருந்து எடுத்து வைக்கிறாள். மல்யுத்த வீரன் பெரிய பை ஒன்றைத் திறந்து, ஒரு குடும்பத்துக்குப் போதுமான ரொட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறான். பிரையனுடைய பையில், ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும், ஸூப்பும், பழரசமும் இருக்கின்றன. அல்லிஸன் தன் ரொட்டிக்குள் இருந்த மாமிசத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சர்க்கரையையும் தானியப் பொரியையும் திணித்து நறநறவென்று கடிக்கிறாள். பெண்டருக்கு மட்டும் சாப்பாடே இல்லை. அவன் மற்றவர்களுடைய பையை எட்டிப் பார்த்துப் பரிகாசம் செய்துகொண்டிருக்கிறான். அந்தப் பரிகாசத்துக்கு அடியில் பசி இருக்கிறது என்பதை ஒருவரும் நமக்குச் சொல்லுவதில்லை. நாமாகவே தெரிந்து கொள்கிறோம். சாய்வு நாற்காலியிலிருந்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான்.

ஹாஸ்யத்துக்கும் குறைவில்லை. பெண்டர் நூல் நிலையத்துக் கதவின் திருகாணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கொள்கிறான். கதவு சாத்திக்கொண்டு விடுகிறது. திறந்து நிற்க மறுக்கிறது. வெர்னன் துரை மடக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துப் பார்க்கிறார். நாற்காலி தோற்றுப் போகிறது. பிறகு பத்திரிகைகள் அடுக்கும் சட்டத்தை நகர்த்திவந்து வாசலை அடைக்கிறார். தீப்பிடித்தால் பிள்ளைகள் எப்படி வெளியே வருவது என்று பெண்டர் மிகவும் கவலையுடன் விசாரிக்கிறான். அதிகாரம் என்பது ஒரு சின்னத் திருகாணியை நம்பியிருக்கும் சமாசாரம் என்பதை இவ்வளவு சிரிப்பு வரும்படி நான் வேறு எங்கும் கண்டதில்லை.

பிறகு ஐந்து பேரும் நூல் நிலையத்தை விட்டு நழுவி வெளியே போகிறார்கள். திரும்பி வரும் வழியில், அகப்பட்டுக் கொள்ளும் சமயம் வந்து விடுகிறது. அப்போது பெண்டர், மற்ற நால்வரும் தப்பித்துப் போகட்டும் என்று, தான் மட்டும் வேறு திசையில் உரக்கப் பாடிக்கொண்டே ஓடுகிறான். வெர்னன் துரை பாட்டைத் துரத்திக்கொண்டு போகிறார். வாய் திறந்தால் ஒருவரையும் புண்படுத்தாமல் மூடாத பையன், இந்த ஒரு காரியத்தை வாயினால் சொல்லிக்காட்டாமல் செய்துவிடுகிறான். இதற்குப் பிறகு அவனை வெறுப்பது எனக்குச் சிரமமாகிவிட்டது.

ஆனால் படத்தின் உயிர்நிலை இவை ஒன்றும் அல்ல. பிற்பகலில் ஐந்து பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஏன் இந்தத் தண்டனை கிடைத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஓட்டம் இல்லை, சண்டை இல்லை; பேச்சு ஒன்றுதான். மல்யுத்த வீரன், பலவீனமான ஒரு பையனைத் தான் அவமானப்படுத்திய கதையைச் சொல்கிறான். தகப்பனாருடைய மெச்சுதலுக்காக அதைச் செய்ததாகவும், அந்தப் பையன் வீட்டுக்குப் போய்த் தன் தகப்பனாரிடம் எப்படிச் சொல்லியிருப்பான் என்று நினைத்தால் தாங்கமுடியவில்லை என்றும் சொல்லி அழுகிறான். பெண்டரைப் பற்றி முன்னாலேயே நமக்குத் தெரியும். தகப்பனார் சுருட்டினால் சுட்ட தழும்பைக் கையில் காட்டியிருக்கிறான். அல்லிஸன் ஒரு குற்றமும் செய்யவில்லை. வீட்டில் தன்னைக் கவனிப்பார் இல்லாததால், வேறு வேலையில்லாமல் தண்டனைக்கு வந்திருக்கிறாள்!

கடைசியில் புத்திசாலி பேசுகிறான். கைத்தொழில் வகுப்பில் அவன் ஒரு விளக்குச் செய்ய வேண்டியிருந்தது. யானை உருவம்; தும்பிக்கையை இழுத்தால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. அந்தப் பாடத்தில் தோல்வி. முதல் வகுப்பைத் தவிர வேறு மார்க் அறியாத பையன், அந்த ஒரு தோல்வியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல், உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணித் தன் பெட்டியில் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அது உண்மையான துப்பாக்கி அல்ல. கப்பலில் அபாய வெளிச்சம் காட்டுகிற வகை. பெட்டிக்குள்ளேயே அது வெடித்துவிட்டது. அதைச் சொன்னதும் மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பிரையனும் சேர்ந்து சிரிக்கிறான். நாமும் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, சிரித்தது எதைப் பற்றி என்று நினைவு வந்து தொண்டை அடைக்கிறது.

இவ்வளவு இயற்கையாக இந்தப் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பின்னால் விசாரித்துப் பார்த்தேன். விசாரித்ததில் தெரிந்தவை ஸ்வாரஸ்யமானவை. சிகாகோவுக்கு அருகில் டெஸ் பிளேன்ஸ் என்னும் ஊரில், 1981-ஆம் வருஷம் மூடப்பட்ட ஓர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் படம் பிடித்திருக்கிறார்கள். நாம் பார்க்கும் பிரம்மாண்டமான நூல் நிலையம், அந்தப் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சிக் கூடத்துக்குள் கட்டிய ஸெட். வழக்கமாக ஸினிமாவில் சௌகரியத்தை முன்னிட்டுக் கடைசிக் காட்சியை முதலிலும், நடுக்காட்சியைக் கடைசியிலும் எடுப்பார்கள். இந்தப் படத்தையோ பெரும்பாலும் கதை நடக்கும் வரிசையிலேயே எடுத்தார்கள். அதனால், ஐந்து பாத்திரங்களுக்குள் பழக்கம் வளர வளர, ஐந்து நடிகர்களுக்குள்ளும் பழக்கம் வளர்ந்தது. வட்டமாக உட்கார்ந்து பேசும் காட்சியில் நடிகர்கள் தாங்களாகவே சேர்த்துச் சொன்ன பேச்சும் நிறைய உண்டு. கிளேராக நடித்த மாலி ரிங்வால்டுக்கும், பிரையனாக நடித்த ஆந்தனி மைக்கேல் ஹாலுக்கும் அப்போது 16 வயதுதான். பெண்டராக வந்த ஜட் நெல்ஸனுக்கு 24 ஆகிவிட்டது. ஆயினும் அந்த 24 வயது நம் கண்ணுக்குப் படுவதில்லை.

படத்துக்கு ஆன செலவு சுமார் 10 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் இது கை மாற்றுக்குக் கொடுக்கும் தொகை. அமெரிக்காவில் மட்டும் வசூலானது நாலரைக் கோடி டாலருக்கு மேல். ஓர் அறையில் ஐந்து பிள்ளைகளை உட்கார்த்திப் பேசவிட்டால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று முதலாளிகள் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இப்போது, படத்தில் எல்லாவற்றிலும் கடினமான இடத்துக்கு வருகிறேன். அழுது, சிரித்து, ஒருவருக்கொருவர் அந்தரங்கத்தைச் சொல்லிக் கொண்டிருக்கும் வேளையில், பிரையன் ஒரு கேள்வி கேட்கிறான். திங்கட்கிழமை என்ன ஆகும்? பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் எதிரும் புதிருமாகச் சந்திக்கும்போது, நாம் சிநேகிதர்களா, இல்லையா? வேறு படமாயிருந்தால் ஐந்து பேரும் கையோடு கை சேர்த்துச் சத்தியம் செய்து கொடுத்திருப்பார்கள். இங்கே ராஜகுமாரி கிளேர், சிநேகம் நிலைக்காது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவளுடைய கூட்டத்தார் முன்னால் பிரையனைப் பார்த்துப் பேச அவளுக்குத் தைரியம் வராது. மற்றவர்கள் அவள்மேல் பாய்கிறார்கள். ஆனால் அவள் சொன்னது பொய் என்று ஒருவராலும் நிரூபிக்க முடியவில்லை.

படம் கடைசி வரையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதில்லை. ஐந்து பேருக்குமாகச் சேர்த்து பிரையன் ஒரே வியாசம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். நீங்கள் எங்களுக்கு வைத்த பட்டம் உங்கள் சௌகரியத்துக்காக வைத்தது. எங்களில் ஒவ்வொருவரிடமும் மற்ற நால்வரும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறார்கள் என்பது அதன் சாராம்சம். பெற்றோரின் வண்டிகள் வந்து நிற்கின்றன. பிரையனை அழைத்துப் போக வரும் தகப்பனாராகச் சில வினாடிகள் தோன்றுகிறவர் டைரக்டர் ஹியூஸ்தான். பெண்டர் வெறும் மைதானத்தின் குறுக்கே நடந்துபோய், முஷ்டியை ஆகாயத்தில் உயர்த்துகிறான். படம் அப்படியே உறைந்து நிற்கிறது. ஸ்காட்லாந்து தேசத்து ஸிம்பிள் மைண்ட்ஸ் கோஷ்டியார், என்னை மறந்து விடாதே என்று வேண்டிக் கொள்ளும் பாட்டைப் பாடுகிறார்கள். 1985-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதல் ஸ்தானத்துக்கு வந்தது. திங்கட்கிழமையைப் பற்றிய பயம் அவ்வளவு பேருக்கும் இருந்திருக்கிறது!

எங்கள் கூடத்தில் விளக்கைப் போட்ட பிறகும் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. என் தங்கையின் கணவர் நல்லவர். பெண்ணின் பேரில் உயிரை வைத்திருப்பவர். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதற் கேள்வி, "மார்க் வந்து விட்டதா?" என்பதுதான். அன்றைக்கு அவர் செருமிக்கொண்டு, "ஏனம்மா, அந்த யானை விளக்குப் பையனைப் போல... உனக்கு ஒன்றும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியெல்லாம் இல்லை, அப்பா. ஆனால் பௌதிகத்தில் 31 மார்க். ஒரு மாதமாகச் சொல்லவில்லை" என்றாள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நானும் என் தங்கையும் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தோம். பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். பெண் பேசினாள். எந்த அத்தியாயத்திலிருந்து புரியாமல் போயிற்று, கேட்க ஏன் வெட்கமாயிருந்தது, மார்க்குத் தாளை எங்கே ஒளித்து வைத்தாள் என்பதையெல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். எங்கள் குடும்ப சரித்திரத்தில் இது ஒரு முக்கிய நிகழ்ச்சி. "நாளைக்கு இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கும் பௌதிகம் அவ்வளவாக வராது" என்று கடைசியில் சொன்னார். ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய விமரிசனம் நான் எழுதிவிடப் போவதில்லை.

காதல் கொண்டவனுடைய கண்ணுக்குக் குற்றம் தெரியாது என்பார்கள். படத்தின் பேரில் காதல் கொண்டவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. குடும்பங்களுக்குச் சொல்லவேண்டிய சில விஷயங்கள் உண்டு. பிள்ளைகள் பேசும் பாஷை பல இடங்களில் காது கூசும்படி இருக்கிறது. கஞ்சாப் புகைக்கும் காட்சி ஒன்றும் உண்டு. அமெரிக்கத் தணிக்கைப் பிரிவின்படி, 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ மூத்தவரோ துணையாக வந்தால்தான் இதைக் கொட்டகையில் பார்க்கலாம். விதி எந்த எண்ணத்துடன் ஏற்பட்டதோ, இந்தப் படத்துக்கு அது மிகவும் பொருத்தம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே பார்க்கவேண்டிய படம் இது.

இன்னும் கனமான குறைகளும் இருக்கின்றன. பெண்டர் நாள் முழுவதும் கிளேரைச் சொல்லால் குத்துகிறான். மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கும் சமயத்தில் அவன் அவளிடம் நடந்துகொள்ளும் விதம் எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடாதது. அப்படியிருந்தும் கடைசியில் அவள் தன் வைரத் தோட்டைக் கழற்றி அவன் கையில் வைக்கிறாள். அல்லிஸன் கதை வேறு மாதிரி. தலைமயிரை ஒதுக்கி, முகத்தைத் திருத்தி, ராஜகுமாரியின் ஜாடைக்கு மாற்றிய பிறகுதான் மல்யுத்த வீரன் அவளைக் கண்ணெடுத்துப் பார்க்கிறான். பட்டங்களைக் கிழித்தெறிய வந்த படம், ஒரு பெண்ணின் பட்டத்தைக் கிழித்துவிட்டு இன்னொரு பெண்ணின் பட்டத்தை அவள்மேல் ஒட்டுவானேன்? ஐந்து பேரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்பதும் நம் கண்ணுக்குத் தப்பாது. அமெரிக்கா என்பது அவர்கள் மட்டும் அல்லவே.

இந்தக் கேள்விகளை என்னைக் காட்டிலும் உரிமையுடன் கேட்டவர், கிளேராக நடித்த மாலி ரிங்வால்டே ஆவார். தம்முடைய சின்னப் பெண்ணுடன் உட்கார்ந்து அந்தப் படத்தை அவர் மறுபடியும் பார்த்தார். பிறகு 2018-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். தமக்குப் புகழ் கொடுத்த படத்தை அவர் தூக்கி எறியவில்லை. குற்றங்களை மூடி மறைக்கவும் இல்லை. அந்தக் கட்டுரையில் ஒரு செய்தி என் மனத்தைக் கவர்ந்தது. முன்பு எழுதிய கதையில் இல்லாத ஒரு காட்சி, படம் எடுப்பதற்கு முன் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. நீந்திக் கொண்டிருக்கும் தேகப்பயிற்சி ஆசிரியை ஒருத்தியை வெர்னன் துரை ஒளிந்திருந்து பார்ப்பதாக அமைந்த காட்சி அது. வேண்டாம், எடுத்து விடுங்கள் என்று ரிங்வால்டு டைரக்டரிடம் வாதாடினார். ஹியூஸ் எடுத்து விட்டார். 16 வயதுப் பெண் சொன்னதை, கதை எழுதி டைரக்டும் செய்தவர் கேட்டார்! படத்தின் நற்குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் எதற்கு? எந்த எந்த இடங்களில் ஹியூஸ் இப்படிக் காது கொடுத்தாரோ, அந்த இடங்களெல்லாம் இன்றைக்கும் புதிதாக இருக்கின்றன. காது கொடுக்காத இடங்கள் பழையதாகி விட்டன.

ஹியூஸ் 2009-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் காலமானார். 2016-ஆம் வருஷம் அந்தப் படம் அமெரிக்கக் காங்கிரஸ் நூல் நிலையத்தின் தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தேசத்தின் பொக்கிஷமாகப் பாதுகாக்கத் தக்கவை என்று வருஷத்துக்கு 25 படங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். யுத்தத்தையும் சரித்திரத்தையும் பற்றிய பெரிய படங்களின் வரிசையில், தண்டனை வகுப்பில் உட்கார்ந்து பேசிய ஐந்து பிள்ளைகளும் இடம் பிடித்துக் கொண்டார்கள். ஒரு தேசம் தன் பிள்ளைகளின் பேச்சைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்ல காரியம். உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பது அதைவிட நல்ல காரியம்.

படத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் கார்ல் என்பவனும் வெர்னன் துரையும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கொண்டே போகிறார்கள் என்று துரை அலுத்துக் கொள்கிறார். பிள்ளைகள் மாறவில்லை, மாறியது நீர்தான் என்கிறான் கார்ல். இந்தக் கார்லின் படம், பழைய மாணாக்கர்களில் சிறந்தவன் என்ற விருதுடன், அதே பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குவதைப் படத்தின் ஆரம்பத்தில் கண்மூடித் திறப்பதற்குள் காட்டுகிறார்கள். இன்றைக்குப் பட்டம் பெற்ற பிள்ளை நாளைக்கு என்ன ஆவான் என்று பட்டம் கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதற்கு அத்தாட்சி அது. பிறகு துரை தம் உண்மைக் கவலையைச் சொல்கிறார். தாம் கிழவரான பிறகு தேசம் இந்தப் பிள்ளைகள் கையில் இருக்குமே, தம்மை இவர்கள்தானே காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை என்கிறார். அதை நம்பியிருக்க வேண்டாம் என்று கார்ல் பதில் சொல்கிறான்.

கண்டதும் வந்த காதல் நிலைக்குமா என்று கேட்கும் குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். படத்தை நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. குறைகளையெல்லாம் மேலே கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறேன். அப்படியும் காதல் குறையவில்லை; கொஞ்சம் விவரம் தெரிந்த காதலாக மாறியிருக்கிறது. வீட்டில் 16 வயதுப் பிள்ளையோ பெண்ணோ இருப்பவர்கள், அந்தப் படத்தை ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். படம் முடிந்ததும் அவசரப்பட்டு உபதேசம் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று இடையில் இருக்கிறது, அவர்களாகவே பேசுவார்கள். திங்கட்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அவசரத்தில், 'மக்கு' என்றோ 'சோம்பேறி' என்றோ, 'எங்கள் வீட்டு முதல் மார்க்கு' என்றோ வழக்கமாகக் கூப்பிடும் பட்டம் நாக்கு நுனிக்கு வரும். அதை மட்டும் விழுங்கிவிட்டு, பிள்ளைக்கு நாமே ஆசையோடு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.